சார்செலுக்குப் பேசப்போன கதை

பாரிஸுக்குப் போய்வந்தவர்களிடம் கோபுரம் பார்த்தீர்களா என்று கேட்பது வழக்கம். நான் பார்க்கவில்லை. மெத்ரோவில் போகும்போது தூரத்தில் இரும்பாக ஏதோ தெரிந்தது, அதற்குள் வண்டி சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோபுரம் காட்டுவதற்காக யாரும் இவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை. நான் போனது சம்பந்தி பார்க்க.

என் மகன் கார்த்திக் நான்கு வருடமாக அங்கே கணினி வேலையில் இருக்கிறான். ஆடி மாதம் போன் செய்து, ஜெனிற்றா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். பெற்றோர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள், பாரிஸுக்கு வெளியே சார்செலில் வீடு, பெண் அங்கேயே பிறந்தவள். என் கணவர் அதைக் கேட்டு மின்விசிறியை ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, “பொண்ணு வேலைக்குப் போறாளா?” என்றார். போகிறாள் என்றதும் அவருடைய வைணவம் சமாதானமாகிவிட்டது.

எனக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. முப்பத்து மூன்று வருடம் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து, எல்லா மதத்துக் கடிதத்துக்கும் ஒரே முத்திரையைக் குத்தியவள் நான். சாமி விஷயத்தில் நான் விசால மனசுக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

புரட்டாசியில் ஒரு நாள் பெண்ணின் அம்மாவே என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, நான் ஜெனியின்டை அம்மா றோசலின் கதைக்கிறன். விசயம் உங்களுக்குத் தெரியும்தானே. நாங்கள் அவளை நல்லாப் பேசிப்போட்டம். இனி இஞ்சை ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்களும் உங்கடை மகனைப் பேசிவிடுங்கோ.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கும் சம்பந்தி எந்த ஊரில் கிடைப்பார்? “ரொம்ப சந்தோஷம்ங்க. நான் அடுத்த மாசம் வர்றேன். நேர்லயே வந்து உங்களையும் நல்லா பேசிடுறேன்,” என்றேன். உங்களிடம் என்பதற்குப் பதிலாக உங்களை என்று ஏன் சொன்னேனோ, அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, “ஓ… வாங்கோ. நாங்களும் இருக்கிறம்,” என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உடனே மகனுக்குப் போன் செய்து, அவர்கள் பெண்ணிடம் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

ஐப்பசி நடுவில் போய் இறங்கினேன். கார்த்திக்கின் வீடு, தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. கட்டிலை மடித்தால்தான் கதவு திறக்கும். முதல் நாள் மத்தியானம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனான். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ஓடுகிறது, கீழே ஒருவன் தள்ளுவண்டியில் தகரம் வைத்துப் பலாக்கொட்டை மாதிரி ஒன்றைச் சுட்டு விற்கிறான், அவனைத் தாண்டினால் முருங்கைக்காய். புடவைக்கடை, நகைக்கடை, போன் கடை. ஒரு கடையில் கல்லாவுக்கு மேலே பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் ஒரே பல்புக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். கும்பிடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வியாபாரம் கடைக்காரருக்குத்தான்.

இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். பரிமாறியவர், “அண்ணை, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?” என்று மகனைக் கேட்டார். ஸ்ரீரங்கத்தில் சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டால் பார்க்கும் பார்வையை நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் கார்த்திக் ஒரு தெருவைக் காட்டி, “அந்தப் பக்கம் வேணாம்மா. ஜெனி அம்மா அங்க ஒரு பலசரக்குக் கடையில வேலை செய்றாங்க. முதல்ல வீட்ல போய் முறையாப் பார்க்கலாம்,” என்றான். கல்யாணம் என்றதும் பிள்ளைகளுக்கு முறை ஞாபகம் வருவது நல்ல சகுனம்தான்.

மறுநாள் இலையுதிர்காலம் பார்க்கப் போனோம். ஒரு பெரிய பூங்கா. மரமெல்லாம் மஞ்சளும் செம்மண் நிறமுமாக நிற்கிறது, காற்றடித்தால் கொட்டுகிறது. ஜனம் நின்று நின்று படமெடுக்கிறது. கார்த்திக்கும் “எப்படி இருக்கு பாரும்மா” என்றான். எங்கள் தெருவில் பங்குனியில் வேம்பு உதிர்ந்தால் அதற்குக் குப்பை என்று பெயர், மூன்றாவது வீட்டுக்காரியோடு சண்டை வரும். இங்கே ஒரு ஆள் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கத்து இலையை இன்னொரு பக்கம் ஊதித் தள்ளுகிறான். அவன் போனதும் காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. அரசாங்க வேலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மலைமேல் இருக்கும் வெள்ளைத் திரு இருதயக் கோவில். மலைக்கோட்டை ஏறியவளுக்கு அந்தப் படி பெரிசில்லை என்று வீராப்பாக ஏறி, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலேயே கம்பிவண்டி ஓடுகிறதாம், மகன் மேலே போனபிறகு சொன்னான். உள்ளே பேசக்கூடாது என்று பலகை. எல்லோரும் அந்தப் பலகைக்குக் கீழே நின்று பேசுகிறார்கள். மெழுகுவர்த்திக்கு உண்டியலில் காசு போட வேண்டும், பெரிய வர்த்திக்குப் பெரிய காசு. சிறப்பு தரிசனச் சீட்டு இங்கேயும் இருப்பதைப் பார்த்து எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நானும் ஒரு சின்ன வர்த்தி ஏற்றினேன். கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், வேறென்ன கேட்பேன்.

சார்செலுக்குப் போக வேண்டிய நாள் நவம்பர் முதல் தேதி. எல்லாப் புனிதர்களுக்கும் சேர்த்து ஒரே திருநாள், அரசு விடுமுறை. எங்களுக்கு இந்த யோசனை தோன்றவில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உற்சவம் வைத்துக் கஷ்டப்படுகிறோம்.

வெறுங்கையோடு போகக்கூடாதே. புடவை, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் தயார். பூதான் இல்லை. வெளியே வந்து பார்த்தால் பூக்கடை வாசல், பலசரக்குக் கடை வாசல், மெத்ரோ வாசல் எங்கும் தொட்டி தொட்டியாகச் செவ்வந்தி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே ஒரு பெயர் உண்டு. இருப்பதிலேயே பெரிய மஞ்சள் தொட்டியாக வாங்கி மகன் கையில் கொடுத்தேன். “அழகா இருக்கும்மா,” என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

எர்-ஓ-எர்-தே என்ற புறநகர் ரயிலில் கூட்டம். தொட்டியை நான் வாங்கி மடியோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பிரெஞ்சுக் கிழவி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்து மெதுவாக ஏதோ சொன்னார்.

“தைரியமா இருங்கன்னு சொல்றாங்கம்மா,” என்றான் கார்த்திக், குழப்பத்தோடு.

சம்பந்தி வீட்டுக்குப் போவது எந்த நாட்டிலும் லேசான காரியமில்லை, அந்தக் கிழவிக்கும் அனுபவம் இருக்கும் என்று நினைத்து வணக்கம் சொன்னேன்.

சார்செலில் உயர உயரமான அடுக்குமாடிகள். ஆறாவது மாடியில் கதவு திறந்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது. வரவேற்க மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். றோசலின், அவர் கணவர் அன்ரன், அன்ரனின் அண்ணன். அண்ணன் கோட்டுப் போட்டு, கையில் செபமாலை வைத்திருந்தார். ஜெனி பின்னால் நின்றாள். லில் நகரத்தில் வேலை, வார இறுதிக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவள். என்னைப் பார்த்துக் கைகூப்பி, பிரெஞ்சில் வரவேற்றாள்.

நான் சிரித்துக்கொண்டே தொட்டியை றோசலின் கையில் வைத்தேன். அவர் முகம் மாறியது.

“ஆருக்கு அக்கா இது?”

“உங்களுக்குத்தாங்க. வீட்டுக்கு.”

அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெனி கார்த்திக்கின் காதில் என்னவோ சொன்னாள். அவன் காது சிவந்துவிட்டது. “அம்மா, இது இங்க கல்லறைக்கு வைக்கிற பூவாம். இன்னைக்கும் நாளைக்கும் எல்லாரும் சமாதிக்கு எடுத்துட்டுப் போவாங்களாம்.” நான்கு வருடம் பாரிஸில் இருந்தவன் சொல்கிறான். ரயிலில் எனக்கு ஏன் இடம் கிடைத்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

உட்கார்ந்தோம். தண்ணீர் வந்தது. கடைசியில் றோசலின்தான் கேட்டார்.

“மகனைப் பேசினனீங்களோ?”

“பேசினேனே. அன்னைக்கே நல்லா பேசினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.”

“பேச்சு வாங்கினவனுக்கு என்ன சந்தோசம்?”

பேச்சு வாங்குவது என்றால் எங்கள் ஊரிலும் திட்டு வாங்குவதுதான். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அப்போது ஓரமாக இருந்த அன்ரன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். இருபது வருடமாக உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர், கூடவே ஒரு புதுச்சேரிக்காரர் அடுப்பில் நிற்கிறாராம். மனைவி பக்கம் திரும்பினார்.

“இஞ்சரும், இந்தியாக்காரர் பேசுறதெண்டால் கதைக்கிறதப்பா. நீர் பிள்ளையை ஏசினதைச் சொல்ல, அவ கலியாணத்துக்கு ஓமெண்டு சொன்னதா எடுத்திருக்கிறா.”

இரவு முழுவதும் பெண்ணைத் திட்டித் தீர்த்துவிட்டோம், நீங்களும் உங்கள் பையனைத் திட்டி வையுங்கள் என்பதுதான் அந்த போன். நான் ஆனந்தக் கண்ணீர் விட்டு, நேரில் வந்து உங்களையும் நன்றாகத் திட்டுகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டு மூன்று பேராக நின்றிருக்கிறார்கள். போதாததற்கு நான் கல்லறைப் பூவோடு வந்து இறங்கியிருக்கிறேன். முகவரியில் ஓர் எழுத்து மாறினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பியவள், ஒரு வேற்றுமை உருபில் கோட்டை விட்டேன்.

“நீங்க எங்க ஊர் படமெல்லாம் பார்ப்பீங்கதானே?” என்றேன், ஆற்றாமையோடு.

“படத்திலை எண்டால் விளங்கும்,” என்றார் றோசலின். “கோவத்திலை இருக்கேக்கை ஆருக்குப் படம் ஞாபகம் வரும்?”

சரி, சிரித்தாயிற்று, இனி விஷயம் சுமுகமாகிவிடும் என்று நினைத்தேன். அண்ணன் செபமாலையை மேசைமேல் வைத்தார்.

“தங்கச்சி, பகிடி இருக்கட்டும். பெடியன் நல்லவர், நாங்கள் குறை சொல்லேல்லை. அவர் வேதத்துக்கு வருவாரோ? ஞானஸ்நானம் எடுப்பாரோ? எடுத்தால் நாளைக்கே கோயிலிலை கலியாணம் எழுதலாம்.”

விசால மனசுக்காரி நான் வாயைத் திறந்தேன். அதுக்கென்ன, தண்ணிதானே தெளிப்பாங்க என்று சொல்ல வந்தேன். வரவில்லை. என் பிள்ளை தலையில் வேறு யாரோ ஒருவர் கை வைப்பது கண்முன்னால் வந்தது. “அது முடியாதுங்க,” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கார்த்திக் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. முப்பத்து மூன்று வருடம் குத்திய ஒரே முத்திரை அவ்வளவுதான்.

“பாத்தியளோ,” என்றார் றோசலின். “எனக்கும் அப்பிடித்தான்.”

அப்போதுதான் ஜெனி பேசினாள். பிரெஞ்சில், படபடவென்று. அவளுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் அம்மா எதைக் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும் என்று கார்த்திக் முன்பே சொல்லியிருந்தான். அவன் மொழிபெயர்த்தான், தலையைக் குனிந்துகொண்டே. அன்று திட்டு வாங்கியவள், அதற்குப் பிறகு அம்மா மனம் மாறி எனக்குப் போன் செய்தார் என்று கார்த்திக் சொன்னதை நம்பிவிட்டாளாம். இரண்டு அம்மாக்களும் சம்மதித்துவிட்டார்கள் என்று நினைத்து, நான் பாரிஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்று, அவர்கள் மெறியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், நாள் வாங்கிவிட்டார்களாம். வருகிற சனிக்கிழமை பதினொரு மணி. இன்று சாப்பாடு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தார்களாம். சாட்சிக் கையெழுத்துக்கு என் பெயரையும் றோசலின் பெயரையும் கொடுத்திருக்கிறார்கள். “அந்தப் படிவத்துல மதம்னு ஒரு கட்டமே இல்லையாம்,” என்று முடித்தான்.

“ஏலாது,” என்றார் றோசலின். “நான் வரமாட்டன். கோயில் இல்லாமல் என்ன கலியாணம்?” எழுந்து சமையலறைக்குள் போனார். போனவர் கோபத்தோடு புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கொண்டுவந்து வைத்தார். திட்ட வருகிறவளுக்காக அப்படிச் சமைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு வைணவத்தில் புரட்டாசி தவிர மற்ற மாதம் கறி உண்டு. அவ்வளவு ருசியான கறியை அவ்வளவு சங்கடத்தோடு நான் சாப்பிட்டதேயில்லை.

அடுத்த நான்கு நாளும் மழை. பூங்காவின் மஞ்சளெல்லாம் நடைபாதையில் கூழாகிக் காலை வழுக்கியது. இப்போது யாரும் படமெடுக்கவில்லை. என்னால் தூங்க முடியவில்லை. என் மகன் நாளைத் தள்ளிப்போட மாட்டான், அது தெரியும். அந்தப் பெண் தன் அம்மா இல்லாமல் அங்கே நிற்பாள், அதற்குக் காரணம் நான் தப்பாகக் கேட்ட ஒரு வார்த்தை. வியாழக்கிழமை கார்த்திக் வேலைக்குப் போனதும் லா சப்பலில் அவன் போக வேண்டாம் என்ற தெருவுக்குப் போனேன்.

றோசலின் கல்லாவில் இருந்தார். ஒரு கட்டு வல்லாரையை எடுத்துப்போய் முன்னால் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமல் பையில் போட்டார்.

“சனிக்கிழமை பதினொரு மணி,” என்றேன்.

“தெரியும்.”

“எனக்கும் இன்னும் மனசு ஒப்பலைங்க. நீங்க நினைக்கிற மாதிரி நான் சந்தோஷமாப் போகலை.”

அப்போதுதான் நிமிர்ந்தார். “பிறகேன் போறியள்?”

“போகாம வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறேன்? அன்னைக்கு முழுக்க அழுவேன். அழறதை அங்க போய் அழுதா அவன் பக்கத்துலயாவது இருப்பேன்.”

அவர் வல்லாரைப் பையை என் பக்கம் தள்ளினார். பின்னால் ஒருவர் பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு நின்றுகொண்டு, “அக்கா, கெதியா” என்றார். நான் நகர்ந்தேன்.

சனிக்கிழமை மெறிக்குப் போனோம். பழைய அரண்மனை மாதிரிப் படிக்கட்டு, மேலே ஒரு மண்டபம், சிவப்பு நாற்காலிகள். வாசலில் அடுத்த ஜோடி, அதற்கு அடுத்த ஜோடி. முகூர்த்த நாளில் எங்கள் ஊர் கோவில் மண்டபத்திலும் இதே வரிசைதான், இங்கே நாதஸ்வரம் மட்டும் இல்லை. அன்ரன் உணவகத்திலிருந்து நேரே வந்திருந்தார், கோட்டுக்குள்ளே சமையல்காரச் சட்டை தெரிந்தது. அண்ணன் வரவில்லை. “அவங்க?” என்று கேட்டேன். அன்ரன் கையை விரித்தார். “காலமை ஒண்டும் கதைக்கேல்லை. சேலையை எடுத்துக் கட்டிலிலை வைச்சவ. பிறகு திருப்பி அலுமாரிக்கை வைச்சவ.”

ஜெனி கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூவர்ணப் பட்டை அணிந்த அதிகாரி அம்மாள் பதினொன்றே காலுக்கு உள்ளே வந்து, சாட்சிகளின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றார். றோசலினுக்குப் பதிலாகத் தந்தை கையெழுத்துப் போடலாமா என்று ஜெனி கேட்டாள். போடலாம் என்றார் அதிகாரி.

என் பாஸ்போர்ட் கைப்பையில் மேலாகத்தான் இருந்தது. நான் அதற்கு அடியிலிருந்து தேட ஆரம்பித்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்தேன், துடைத்தேன். கைக்குட்டை, குங்குமப் பொட்டலம், மாத்திரை, ரயில் சீட்டு எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். அவசரமாக வரும் வாடிக்கையாளர்களை நிற்க வைக்கும் வித்தை முப்பத்து மூன்று வருடத்தில் கைவந்தது. கார்த்திக் பல்லைக் கடித்து, “அம்மா” என்றான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். யாரை வேண்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வேண்டினேன். இந்தப் பெண்ணுக்கு அவள் அம்மா வர வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். இனி தேட ஒன்றுமில்லை என்றபோது பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

கதவு திறந்தது. றோசலின். பட்டுச்சேலைக்கு மேலே மழைக்கோட்டு, செருப்பு முழுவதும் சேறு.

“தண்டவாளத்திலை இலை விழுந்ததெண்டு றெயிலை நிப்பாட்டிப் போட்டாங்கள்,” என்றார், யாரையும் பார்க்காமல். “இலைக்கு றெயில் நிக்கிற நாடு.”

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. அதிகாரி ஒரு நீளமான தாளைப் படித்தார், சட்டம் போலிருந்தது. பிறகு கார்த்திக்கைக் கேட்டார். அவன் பிரெஞ்சில் “வுய்”, அதாவது ஆமாம், என்றான். ஜெனியைக் கேட்டார்.

ஜெனி அதிகாரியைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“ஓம்,” என்றாள், அம்மாவின் தமிழில்.

அதிகாரிக்கு விளங்கவில்லை. மன்னிக்கவும் என்று சொல்லித் திரும்பவும் கேட்டார். ஜெனி அழுதுகொண்டே திரும்பவும், “ஓம்” என்றாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்து, வாசலில் நிற்கும் அடுத்த ஜோடியைப் பார்த்தார். கார்த்திக் எதையோ விளக்கப் போனான். பக்கத்து நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது.

“வுய் எண்டு சொல்லடி,” என்றார் றோசலின், எழுந்து நின்று. மண்டபம் முழுக்கக் கேட்டது.